ஒரு நாளைக்கு அரை லிட்டர்

இதிலும் பாதிக்கு மேல் இருக்கிறது. திறந்து இரண்டு மடக்கு குடித்துவிட்டு நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இதோடு நாற்பத்தொன்று. எண்ண வேண்டும் என்று எண்ணவில்லை, கை பாட்டிலை எடுக்கும்போதே வாய் தானாக எண்ணுகிறது, கேன் இறக்கின பழக்கம். மூடியைத் திருகு, வாளியில் கவிழ், நசுக்கு, சாக்கில் போடு. பந்தலில் கொட்டுக்காரர்கள் பீடி பிடிக்க எழுந்து போய்விட்டார்கள், சத்தம் இல்லாமல் இருக்கிறது. திருப்பூரிலிருந்து வெள்ளத்தாய் அத்தை வரவேண்டும், அப்பாவின் அக்கா, பஸ் மதுரை தாண்டிவிட்டது என்று போன் வந்தது. அவள் வந்து முகம் பார்த்த பிறகுதான் எடுப்பார்கள். அதுவரைக்கும் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார் என்றார்கள். பத்து நிமிஷம் உட்கார்ந்தேன், அதற்கு மேல் முடியவில்லை. வருகிற ஒவ்வொரு பொம்பளையும் என் தலையைத் தடவிவிட்டு அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுது முடித்து ஒரே கேள்விதான் கேட்கிறாள், கடைசியாக வாயில் தண்ணீர் ஊற்றினது யார் என்று. அம்மா அழுகையை நிறுத்திப் பதில் சொல்கிறாள். "எம்மகந்தான். நான் கோயிலுக்குப் போயிட்டேன் பாவி, இவந்தான் கூடவே இருந்தான்." உடனே அவர்கள் என் தாடையைப் பிடித்துக்கொண்டு, குடுத்துவச்ச மனுசன், பெத்த மகன் கையால தண்ணி வாங்கிட்டுப் போயிருக்காரு என்கிறார்கள். ஏழாவது ஆள் தாடையைப் பிடித்தபோது எழுந்து வந்துவிட்டேன். நான் ஊற்றவில்லை. நேற்று மத்தியானம் அப்பா தண்ணீர் கேட்டார், மூன்று தடவை கேட்டார், நான் கொடுக்கவில்லை, மூணே முக்காலுக்குச் செத்துப்போனார். இது இந்தப் பந்தலில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

நாற்பத்திரண்டு. இது திறக்கவே இல்லை, தனியாக வை. பாட்டில் வேண்டாம் என்று காலையிலேயே சொன்னேன். வாசலில் எங்கள் தண்ணீர்க் கேன் பதினாறு நிற்கிறது, எல்லாம் நிரம்பினது, நேற்று வீடு வீடாகப் போட லைனுக்குப் போயிருக்க வேண்டியது. நாலு கேனைக் கவிழ்த்து வைத்து, பக்கத்தில் இருபது டம்ளர் அடுக்கினால் ஊருக்கே போதும். பூமிநாதன் மாமா கேட்கவில்லை. அம்மாவின் தம்பி, இன்றைக்கு எல்லாம் அவர் பொறுப்பு. "கேத வீடுடா இது. எவன் டம்ளர்ல வாய வைப்பான்? உங்கப்பன வழியனுப்ப வந்தவன் தாகத்தோட போகவா?" என்று சொல்லிவிட்டுப் போனைப் போட்டு அரை லிட்டர் பாட்டிலாகக் கட்டுக் கட்டாக இறக்கிவிட்டார். தாகத்தோட என்று அவர் சொன்ன பிறகு நானே கட்டுகளைப் பிரித்து அடுக்கினேன். அவர் சொன்னதிலும் பொய்யில்லை. எங்கள் பக்கம் கேத வீட்டில் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் திரும்பிப் போகிறவர்கள் உண்டு. தீட்டு. வீட்டுக்குப் போய்த் தலைக்கு ஊற்றினபிறகுதான் தொண்டையை நனைப்பார்கள். இப்போது சீல் பாட்டில் என்றால் தீட்டு இல்லையாம். செத்த வீட்டுத் தண்ணீர் இல்லையே அது, கம்பெனித் தண்ணீர்தானே. இந்தச் சட்டத்தை யார் போட்டார்கள் என்று தெரியவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. சரி, குடிக்கவாவது குடிக்கிறார்களா. ஒரு மடக்கு குடிப்பார்கள், போன் வரும், கீழே வைப்பார்கள். திரும்பிப் பார்த்தால் அங்கே அதே மாதிரி ஐந்து பாட்டில், எது தன்னுடையது என்று தெரியாது, உடனே புதிதாக ஒன்றை உடைப்பார்கள். பாடைக்கு வேண்டிய முன்சாமான் வாங்கப் போன ஒருவர் மூன்று பாட்டில் உடைத்ததைப் பார்த்தேன், மூன்றிலும் சேர்த்து அரை டம்ளர் குடித்திருப்பார். மாமா மகன் செந்தூரும் அவன் கூட்டாளியும் நான் சாக்கோடு குனிந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, கேன்காரன் மகனுக்குக் கேதத்துலயும் தொழில்தான் என்றார்கள். பிறகு செந்தூர் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், வந்து சாக்கின் வாயை விரித்துப் பிடித்தான். நாலு பாட்டிலோடு சலித்துப்போய் எழுந்துவிட்டான். வாளி பாதி வந்துவிட்டது. இருபது லிட்டர் பெயிண்ட் வாளி, பாதி என்றால் பத்து லிட்டர். எல்லாம் எச்சில் தண்ணீர், மாட்டுக்குக்கூட வைக்கமுடியாது என்பார்கள். அப்பாவுக்கு இது இருபது நாள்.

ஒரு நாளைக்கு அரை லிட்டர். டாக்டர் சொன்னது அதுதான். இரண்டு கிட்னியும் போய்விட்டது, ஒன்றுக்குப் போவது நின்றுவிட்டது, உள்ளே போகிற தண்ணீருக்கு வெளியே வழியில்லை. காலில் நிற்கும், முகத்தில் நிற்கும், கடைசியில் நெஞ்சில் நிற்கும், வாரத்துக்கு இரண்டு நாள் மெஷினில் போட்டு இறக்கவேண்டும். அரை லிட்டர் என்றால் எல்லாம் சேர்த்து. காப்பி, மோர், சோற்றுக்கு ஊற்றுகிற ரசம், மாத்திரை விழுங்குகிற மடக்கு, எல்லாம். ஆஸ்பத்திரி வாசலில் முதல் நாள் வாங்கின பாட்டிலின் லேபிளைக் கிழித்துவிட்டு மார்க்கர் பேனாவால் நாலு கோடு போட்டவன் நான்தான். காலையில் அதை நிரப்பி வைப்பேன், எந்த வேளைக்கு எந்தக் கோடு வரை என்று பார்த்துக் கொடுப்பேன், மாலையில் காலியாகும். பதினாலு மாசம் அதே பாட்டில். "ஒரே பாட்டில வச்சு ஒரு வருசத்த ஓட்டுனவன் ஒலகத்துல நான் ஒருத்தன்தாண்டா, மெடலு குடுக்கச் சொல்லு" என்பார் அப்பா. அவருக்குச் சின்னப் பாட்டிலைக் கண்டாலே ஆகாது. முதலில் தள்ளுவண்டியில் குடம், அப்புறம் மூணு சக்கர வண்டியில் கேன், இருபத்திரண்டு வருஷம் அருப்புக்கோட்டையில் பாதி வீட்டுக்குத் தண்ணீர் சுமந்தவர். குடத்தத் துண்டு துண்டா வெட்டி விக்கிறானுக, வெட்டுன துண்டெல்லாம் ஓடையில கெடக்கு என்று பாட்டில் கடையைத் தாண்டும்போதெல்லாம் திட்டுவார். ஓடையில் கிடப்பதை யாராவது அள்ளி எரிப்பார்கள், அந்தப் புகைக்கு அவருக்குத்தான் முதலில் மூச்சு இழுக்கும். அவர் மெஷினில் ஏறின பிறகு வண்டியை நான் எடுத்தேன். பதினொண்ணாம் வகுப்புப் பாதியில். யாரும் என்னை நிறுத்தவில்லை, நானே நின்றுவிட்டேன், கெமிஸ்ட்ரியிலிருந்து தப்பித்தேன் என்று சந்தோஷமாகக்கூட இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். வீட்டில் பதினாறு கேன் எப்போதும் நிற்கும். அப்பா அதற்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து கேன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டிருப்பார், சும்மா, குளுமைக்கு. கேனைச் சாய்த்தால் உள்ளேயிருந்து குபுக்கென்று ஒரு சத்தம் வருமே, அதற்குத் தலை திரும்பும். அதனால் நானும் அம்மாவும் தண்ணீரைப் பின்பக்கம் கொண்டுபோய்க் குடித்தோம், திருடித் தின்கிற மாதிரி. போன ஐப்பசியில் ஒரு நாள் மனசு கேட்காமல் ஒரு சொம்பு மோர் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு குடித்தார், குடித்து முடித்துச் சொம்பைத் தலைகீழாகப் பிடித்து நாக்கை நீட்டினார், நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். சாயங்காலமே மூச்சு முட்டி ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினோம். யாருடா தண்ணி குடுத்தது என்று டாக்டர் கேட்டபோது வார்டே என்னைத் திரும்பிப் பார்த்தது. கொல்லணும்னா குடு என்றார். அன்றைக்குப் பிடித்தது எனக்கு அந்தக் கோட்டுப் பைத்தியம். அம்மா ஒரு ஸ்பூன் கூட ஊற்றினாலும் கத்துவேன். பாட்டிலை என் தலைமாட்டில் வைத்துத் தூங்கினேன்.

ஐஸ் பெட்டியின் கண்ணாடி வெளிப்பக்கம் வேர்த்து வேர்த்து ஒழுகுகிறது. அம்மா முந்தானையால் துடைக்கிறாள், முகம் தெரிகிறது, இரண்டு நிமிஷத்தில் மறுபடியும் மறைந்துபோகிறது. துடைக்காமல் விட்டால் தேவலை என்று இருக்கிறது எனக்கு. தாடையைத் துணியால் கட்டியிருக்கிறார்கள், அப்படியும் உதடு தெரிகிறது, வெடித்து வெள்ளையாகத் தோல் உரிந்து கிடக்கிறது. தண்ணீர் குடித்துவிட்டுச் செத்த ஆளின் உதடு அப்படியா இருக்கும். இதை யாராவது ஒரு பொம்பளை கவனித்துவிட்டால் போதும். இதுவரைக்கும் யாரும் கவனிக்கவில்லை, எல்லோரும் மாலையைப் பார்க்கிறார்கள். மாமா வந்து வாளியை எட்டிப் பார்த்துவிட்டு, எச்சித் தண்ணிய என்னத்துக்குச் சேத்து வச்சிருக்க, கொட்டுறா என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு நீர்மாலைக்கு ஏற்பாடு சொன்னார். அத்தை வந்ததும் நீர்மாலை, மகன் நான்தான் குடம் எடுக்கவேண்டும், கிணற்றில் தண்ணீர் எடுத்து நாலு பேர் தூக்கிப் பிடிக்கிற வேட்டிப் பந்தலுக்குக் கீழே கொட்டோடு நடந்து வந்து அப்பாவைக் குளிப்பாட்டவேண்டும். ஆனால் பிள்ளையார் கோயில் கிணற்றில் பொட்டுத் தண்ணீர் கிடையாது. தெருப் பைப்பில் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. "நம்ம கேன்ல ரெண்ட செந்தூரு வண்டியில முன்னாடியே ஏத்திவிட்டுர்றேன். கெணத்தடியில வச்சு குடத்துல ஊத்தி, முறைப்படி எடுத்தாந்துருவோம். யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க." எங்கள் வீட்டுத் தண்ணீர் வண்டியில் ஏறிக் கிணற்றடிக்குப் போய், அங்கிருந்து கிணற்றுத் தண்ணீராகக் கொட்டுமேளத்தோடு திரும்பி வரப்போகிறது. இரண்டு கேன், நாற்பது லிட்டர். எண்பது நாள். எண்பது நாள் தண்ணீரை ஒரே நேரத்தில் தலைவழியே ஊற்றப்போகிறேன், வாயை மட்டும் கட்டி வைத்திருக்கிறார்கள். நான் டாக்டர் சொன்னதைத்தான் செய்தேன். நேற்று இரண்டு மணிக்கு அம்மா திருநீறு வாங்கிவருகிறேன் என்று மாரியம்மன் கோயிலுக்குப் போனாள். அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், படுத்தால் மூச்சு முட்டும். எய்யா, ஒரு வாய் தண்ணி என்றார். பாட்டிலில் கடைசிக் கோடுதான் பாக்கி இருந்தது. நாலு மணி மாத்திரைக்கு இருக்குப்பா, அப்பக் குடிக்கலாம் என்றேன். நல்லபடியாகத்தான் சொன்னேன், கத்தவில்லை. கொஞ்சநேரம் கழித்துக் கட்டைவிரலை வாய்க்கு நேராகத் தூக்கிக் காட்டினார். நாக்கு வறண்டால் சப்பக் கொடுக்கிற எலுமிச்சைத் தோலை எடுத்துக் கையில் வைத்தேன், பிடிக்கமுடியாமல் நழுவவிட்டார். மூன்றாவது தடவை கேட்டபோது என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. "அண்ணாச்சி, கேன் எறக்கிட்டேன். ஒரு சொம்பு தண்ணி கெடைக்குமா அண்ணாச்சி" என்றார். தெருத் தெருவாகத் தண்ணீர் போட்டுவிட்டு வெயிலுக்கு வீட்டுக்காரர்களிடம் அவர் கேட்கிற தினுசு அது, சின்ன வயசில் வண்டியில் கூட உட்கார்ந்து போகும்போது கேட்டிருக்கிறேன், யாரும் இல்லையென்று சொன்னதில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. பயத்தைத்தான் எரிச்சல் என்று சொல்கிறேனோ என்னவோ. முகத்தைப் பார்த்தால் கொடுத்துவிடுவேன் என்று திரும்பி உட்கார்ந்து போனை எடுத்தேன். ஏதோ கிரிக்கெட் வீடியோ. இரண்டு ஓடி முடிந்தது. மூன்றாவது ஓடும்போது முதுகுக்குப் பின்னால் மூச்சுச் சத்தம் இல்லை. நான் உடனே திரும்பவில்லை, அந்த வீடியோ முடிகிறவரைக்கும் பார்த்தேன். அம்மா திருநீற்றுப் பொட்டலத்தோடு வந்து, விழுந்து, புரண்டு, பிறகு என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, தண்ணி குடுத்தியாய்யா என்றாள். குடுத்தேன் என்றேன். அந்த ஒரு வார்த்தையைத்தான் காலையிலிருந்து ஊரே தூக்கிக்கொண்டு திரிகிறது.

அத்தை வந்துவிட்டாள். ஆட்டோ நின்ற சத்தத்துக்குக் கொட்டு மறுபடியும் ஆரம்பித்தது, பெட்டிமேல் விழுந்து கண்ணாடியில் அடித்து அடித்து அழுகிறாள், பிடித்துத் தூக்குகிறார்கள். அவள் கையிலும் யாரோ ஒரு பாட்டிலைத் திணித்திருக்கிறார்கள். அதைத் திறக்காமலே, வாளியைக் கொட்டப் பின்பக்கம் வந்த என்னைத் தேடி வந்துவிட்டாள். சாக்கு, வாளி, ஈரமான என் கால், எதையும் கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எந்தம்பி போன மாசம் போன்ல ஒண்ணே ஒண்ணுதாண்டா கேட்டான். அக்கா, நான் போறன்னைக்கு வயிறு முட்டத் தண்ணி குடிச்சுட்டுப் போவணும்னான். வாய் நெறையக் குடிச்சானா, சொல்லு." அவள் கண் என் கண்ணை விடவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம், அத்தை அடிப்பாள், அடித்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். அவளுக்குப் பின்னால் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றிருந்தாள், அவளும் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் என்ன சொல்வேன் என்று தெரிந்துகொண்டு, அதை இன்னொரு தடவை கேட்பதற்காக. குடிச்சாரு அத்தை, நெறையக் குடிச்சாரு என்றேன். அத்தை என் இரண்டு கையையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பிப் போனாள். குடம் தயார், வேட்டிய மாத்திட்டு வா என்று மாமா கூப்பிடுகிறார். ஒரு நிமிஷம் மாமா. ஒரே நிமிஷம். டாக்டர் சொன்னதைத்தான் செய்தேன் என்று காலையிலிருந்து எத்தனை தடவை சொல்லிக்கொண்டேன், அதை மட்டும் எண்ணவில்லை. அது பொய். டாக்டர் சொன்னது சனிக்கிழமையோடு முடிந்துபோனது. அன்றைக்கு மெஷினில் போட்ட பத்து நிமிஷத்தில் பிரஷர் அடியோடு இறங்கி, நிறுத்திவிட்டார்கள். நெஞ்சு தாங்கவில்லை, இனிமேல் போடமுடியாது, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றார்கள். அம்மா அதைக் கொஞ்சநாள் ஓய்வு என்று எடுத்துக்கொண்டாள், சீட்டு வாங்கக் கியூவில் போய் நின்றாள். அந்த வார்டில் செல்வகனி சிஸ்டர் என்று ஒருவர், பதினாலு மாசமும் அப்பாவுக்கு ஊசி குத்தினவர், என்னை மட்டும் படிக்கட்டுப் பக்கம் தனியாகக் கூட்டிக்கொண்டு போனார். அவர் சொன்னது எனக்குப் புரியவில்லை என்று சொல்லமாட்டேன். நன்றாகப் புரிந்தது. புரிந்ததால்தான். கோடு பார்த்துக் கொடுக்கிறவரைக்கும் அப்பா வைத்தியத்தில் இருக்கிற ஆள், கோட்டை எடுத்துவிட்டால் போகப்போகிற ஆள். நான் எடுக்கமாட்டேன் என்று அந்தப் படிக்கட்டிலேயே முடிவு செய்துவிட்டேன். சிஸ்டர் என் தோளில் கை வைத்து மெதுவாகத்தான் சொன்னார். "இனிமே அளவு பாக்காதய்யா. கேட்டாக் குடு, எவ்வளவு கேட்டாலும் குடு. அம்மாகிட்டயும் நீயே பக்குவமா சொல்லிரு." சரி சிஸ்டர் என்று தலையாட்டினேன். இரண்டையும் நான் செய்யவில்லை.